லேசர் தொப்பியும் நம்ம தலையும்

முடி கொட்டுதுன்னு போன்ல ஒரே ஒரு தடவை தேடிப் பாருங்க. அன்னையில இருந்து அந்த போன் உங்க தலையை விட்டு இறங்காது. சங்கரன்கோவில் பிரியாணிக்கு வழி தேடினாலும் நடுவுல ஒரு தொப்பி வந்து நிக்கும். உள்பக்கம் பூரா சின்னச் சின்ன சிவப்பு விளக்கு, மாட்டியிருக்கவர் மூஞ்சியில சிரிப்பு, கீழ நாலு வரி: அமெரிக்க எஃப்.டி.ஏ. அங்கீகாரம், வலி கிடையாது, பக்கவிளைவு கிடையாது, மாசத் தவணை உண்டு. இந்த நாலுல கடைசி வரிதான் முழு உண்மை. (வலி கிடையாதுங்கிறதையும் ஒத்துக்கிறேன், தவணை கட்டுற வலியைக் கணக்குல சேக்கலைன்னா.) மத்த ரெண்டும் பாதி உண்மை. எனக்கு எரிச்சலே இந்தப் பாதி உண்மை மேலதான். முழுப் பொய்யா இருந்தா ஒரே வரியில தூக்கிப் போட்டுட்டுப் போயிரலாம். இதை உக்காந்துதான் பேசணும்.

மொதல்ல, "வெளிச்சம் அடிச்சா முடி வளருமாக்கும், யாரு காதுல பூ சுத்துத?"ன்னு கேக்குற அண்ணாச்சிமாருக்குப் பதில் சொல்லிருதேன். உங்க சந்தேகம் நியாயம், ஆனா விஷயம் விளம்பரக்காரன் கண்டுபிடிச்சது இல்ல. 1960ல லேசர் பொறந்துச்சு. கொஞ்ச வருஷத்துல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஒரு டாக்டர் ரூபி லேசரை வச்சு எலியோட கட்டியைக் கரைச்சதா எழுதினார். ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட்ல எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர் அதையே செஞ்சு பாக்கலாம்னு எலி முதுகை மழிச்சு லேசர் அடிச்சார். அவர் வச்சிருந்த லேசருக்கு அவ்வளவு சக்தி இல்ல. கட்டி அசையவே இல்ல. ஆனா மழிச்ச இடத்துல, லேசர் பட்ட எலிக்கு மட்டும் முடி சீக்கிரமா முளைச்சிருச்சு. இது 1967 வாக்குல. புற்றுநோய்க்கு மருந்து தேடப் போன மனுஷன் கையில எலி முடி கிடைச்சது. தேடாத இடத்துல கிடைச்ச கண்டுபிடிப்பை நான் கொஞ்சம் கூடுதலா நம்புவேன். முடி வளரணும்னு அங்க யாருக்கும் ஆசையும் இல்ல, அதுல லாபமும் இல்ல பாருங்க.

ஏன் முளைச்சதுங்கிறதுக்கு இன்னைக்குச் சொல்ற விளக்கம் இது. சிவப்பு வெளிச்சம் தோலுக்குள்ள சில மில்லிமீட்டர் இறங்கும். செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ்னு ஒரு நொதி இருக்கு. அது இந்த வெளிச்சத்தை உறிஞ்சும். உறிஞ்சினா செல்லுக்குச் சக்தி கூடும், தூங்கிக்கிட்டிருக்கிற முடிக்குழி முழிச்சு வளர்ற கட்டத்துக்கு வரும். இது கருத்துதான், கடைசி வரைக்கும் நிரூபிச்ச சங்கதி இல்ல. இதுல ஒரு சுவாரசியமும் இருக்கு: வெளிச்சம் குறைஞ்சாலும் வேலை நடக்காது, கூடினாலும் நடக்காது, கூடினா எதிர்வேலைகூட நடக்கும். அதனால "எங்க தொப்பியில 80 டயோடு இல்ல சார், 272 டயோடு"ன்னு கூவுறதைக் கேட்டு மயங்க வேண்டாம். கூடுதல் விளக்குன்னா கூடுதல் முடின்னு எந்தக் கணக்கும் கிடையாது.

பேருலயே ஒரு குழப்பம் இருக்கு, அதையும் சொல்லிட்டுப் போறேன். பார்லர்ல மீசை முடியை எடுக்குறதும் லேசர், இங்க தலைமுடியை வளக்குறதும் லேசர். எடுக்குற லேசர் 755, 810, 1064 நானோமீட்டர்ல வேலை செய்யுற பெரிய மெஷின். முடியில இருக்கிற கறுப்பு நிறமியைச் சூடாக்கி வேரைப் பொசுக்கும். வளக்குறது 650, 655 நானோமீட்டர்ல, ஒரு டயோடுக்கு சில மில்லிவாட் மட்டும் வர்ற சின்ன சிவப்பு லேசர். சூடே தெரியாது. வகுப்புல போர்டைக் காட்ட வாத்தியார் வச்சிருக்கிற சிவப்பு லேசர் லைட்டும் சக்தியில கிட்டத்தட்ட இந்த வகைதான். (கண்ணுல மட்டும் அடிச்சிராதீங்க, ரெண்டுக்கும் பொருந்தும்.) வேடிக்கை என்னன்னா, முடி எடுக்கப் போன சில பொண்ணுங்களுக்கு லேசர் பட்ட இடத்துக்கு ஓரத்துல புதுசா முடி முளைச்சிருக்கு. தோல் டாக்டர்கள் இதைப் பதிவு செஞ்சு வச்சிருக்காங்க. மெஸ்டர் எலிக்கு நடந்த கூத்துதான் இதுவும்னு ஒரு கருத்து உண்டு.

சரி, எலியை விடுங்க, மனுஷனுக்கு? இங்கதான் விளம்பரக்காரங்க காட்டுற எண் வருது. 2009ல அமெரிக்காவுல 110 ஆம்பிளைங்கள வச்சு ஒரு சோதனை வெளிவந்துச்சு. கொஞ்சப் பேருக்கு லேசர் சீப்பு (தொப்பி இல்ல, அதே வகைச் சிவப்பு லேசர் வச்ச சீப்பு), மத்தவங்களுக்கு அதே மாதிரி இருக்கிற, லேசர் இல்லாத போலிச் சீப்பு. வாரத்துக்கு மூணு நாள், ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், 26 வாரம். முடியை எப்படி எண்ணுவாங்கன்னு தெரிஞ்சா இந்த எண்ணோட மதிப்பு புரியும். வழுக்கை ஆரம்பிக்கிற ஓரத்துல ஒரு இடத்தைத் தேர்ந்தெடுப்பாங்க. அங்க கடுகைவிடச் சின்னதா ஒரு பச்சைப்புள்ளி குத்துவாங்க, அடுத்த தடவையும் அதே இடத்தை எண்ணுறதுக்கு. சுத்தி இருக்கிற முடியை ஒட்ட வெட்டி, பெரிசாக்கிக் காட்டுற கேமராவுல படம் எடுத்து, தடிச்ச முடியை மட்டும் ஒவ்வொண்ணா எண்ணுவாங்க. பூனை முடி கணக்குல வராது. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா, லேசர் பட்டவங்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சராசரியா 19.8 முடி கூடியிருந்துச்சு. போலிக்காரங்களுக்கு 7.6 குறைஞ்சிருந்துச்சு. 2014ல 128 ஆம்பிளை, 141 பொம்பளைன்னு இன்னும் பெரிசா சோதிச்சாங்க. அங்கயும் லேசர்க்காரங்களுக்கு ஏறக்குறைய 18ல இருந்து 26 வரைக்கும் கூடுச்சு, போலிக்காரங்களுக்கு 10க்குக் கீழதான். ஆக, ஏறக்குறைய 20ங்கிற அந்த எண் பொய்யில்ல. நான் சொல்ல வர்றதே, அந்த 20ஐ ஒழுங்காப் படிச்சா தொப்பி வாங்குற அவசரம் தானா குறைஞ்சிரும்ங்கிறதுதான்.

ஏன்னு பாப்போம். ஒரு சதுர சென்டிமீட்டர்ங்கிறது ஏறக்குறைய சுண்டுவிரல் நகத்தளவு. நல்லா இருக்கிற தலையில அவ்வளவு இடத்துக்கு 150, 200 முடி இருக்கும். அதுல பாதி போனாத்தான் பாக்குறவன் கண்ணுக்கே தெரியும்னு தோல் டாக்டர்கள் பொதுவாச் சொல்லுவாங்க. அதாவது உங்க மச்சான் கல்யாண வீட்டுல "என்ன மாப்ள, மண்டை தெரியுது"ன்னு கேக்குறப்ப எழுபத்தஞ்சுல இருந்து நூறு முடி வரைக்கும் ஏற்கனவே போயிருக்கும். அதுல 20 திரும்பி வந்தா நல்லதுதான். ஆனா மச்சான் வாயை மூடுற அளவுக்கு வராது. இப்ப அதே 20ஐ வேற ரெண்டு மருந்துக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. 1979ல ரத்தக் கொதிப்பு மாத்திரையா வந்தது மினாக்ஸிடில். தின்னவங்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைச்சதும், தலையில தடவுற மருந்தா மாத்தி 1988ல அமெரிக்காவுல விட்டாங்க. 2002ல வந்த 393 ஆம்பிளைங்க சோதனையில 5 சதவீத மினாக்ஸிடில் 48 வாரத்துல கூட்டினது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 18.6 முடி. மருந்தில்லாத வெறும் கரைசலைத் தடவினவங்களுக்கு 3.9. அடுத்தது ஃபினாஸ்டெரைடு மாத்திரை. 1998ல 1,553 ஆம்பிளைங்கள வச்சுப் பாத்தாங்க. ஒரு அங்குல வட்டத்துல, ஒரு வருஷத்துல, போலி மாத்திரை தின்னவங்களைவிட 107 முடி கூட. சதுர சென்டிமீட்டருக்குப் பிரிச்சா 21. மூணும் ஒரே தெருவுலதான் குடியிருக்கு. வாடகைதான் வேற. மினாக்ஸிடில் பாட்டில் நம்ம ஊரு மெடிக்கல்ல சில நூறு ரூபா. ஃபினாஸ்டெரைடும் கம்பெனிக்கு ஒரு பேருல வர்ற மலிவு மாத்திரைதான். தொப்பி பல ஆயிரத்துல ஆரம்பிச்சு லட்சத்தைத் தொட்டுட்டு வரும்.

இங்க விவரமான ஆளு ஒருத்தர் கையைத் தூக்குவார்: "வேற வேற சோதனையில வந்த எண்ணைப் பக்கத்துல வச்சு ஒப்பிடலாமா? ஒருத்தர் 26 வாரம், இன்னொருத்தர் 48 வாரம், ஒருத்தர் தடிச்ச முடி, இன்னொருத்தர் வேற கணக்கு." சரியான கேள்வி. மயிரிழை வித்தியாசத்தை வச்சு "லேசர் 19.8, மினாக்ஸிடில் 18.6, அதனால லேசர் ஒசத்தி"ன்னு யாராவது சொன்னா அது தப்பு. திருப்பிச் சொன்னாலும் தப்பு. ஆனா நான் ஒண்ணு ஒசத்தின்னே சொல்லல. லேசர் மத்த ரெண்டையும் அடிச்சுப் போடுற மாயம் இல்லைங்கிறதுக்கு இவ்வளவு போதும். 2017ல வந்த ஒரு தொகுப்பாய்வும் ஆம்பிளைங்க விஷயத்துல மினாக்ஸிடில், ஃபினாஸ்டெரைடு, லேசர் மூணுமே போலியைவிட நல்லா வேலை செய்யுதுன்னு முடிச்சது. இன்னொரு சந்தேகமும் வரும்: லேசர் சோதனைக்குக் காசு கொடுத்தது சீப்பு செஞ்ச கம்பெனிதானேன்னு. ஆமா, அந்த ரெண்டு பெரிய சோதனைக்கும் காசு கம்பெனி காசுதான். இதுனால எண்ணே பொய்யுன்னு ஆயிராது, மருந்துக் கம்பெனிகளும் அப்படித்தான் நடத்துது. ஆனா தன் சரக்கைத் தானே எடை போட்டவன் சொல்ற எடையை அதிகபட்சம்னு எடுத்துக்கலாம், குறைந்தபட்சம்னு எடுத்துக்க முடியாது.

இப்ப எஃப்.டி.ஏ. அங்கீகாரத்துக்கு வருவோம். இதுலதான் நம்ம ஊருக்குன்னே ஒரு சங்கதி ஒளிஞ்சிருக்கு. 2007 ஜனவரியில அந்த லேசர் சீப்பை ஆம்பிளைங்களுக்கு விக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துச்சு. பொம்பளைகளுக்கு 2011ல. புது மருந்துக்குக் கொடுக்கிற ஒப்புதல் வேற, இது வேற. இது 510(கே)ன்னு ஒரு வழி. ஏற்கனவே சந்தையில இருக்கிற கருவிக்கு இது சமானம், ஆபத்தும் அதைவிடக் கூட இல்ல, விக்கலாம் போன்னு விடுறது. அதுலயும் யாருக்கு விக்கலாம்னு எழுதியே கொடுத்திருக்காங்க. முன்நெற்றி ஏறின, உச்சந்தலை மெலிஞ்ச நடுத்தர வழுக்கைக்காரங்களுக்கு மட்டும். கண்ணாடி மாதிரி மின்னுற வழுக்கைக்கு இல்ல. அப்புறம் தோல் நிறம். ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல்னு தோல் டாக்டர்கள் கையில ஒரு கணக்கு உண்டு. வெயில்ல நின்னா உடனே வெந்து சிவக்கிற வெள்ளைத் தோல் 1, வேகவே வேகாத கன்னங்கரேல் 6. அனுமதி 1ல இருந்து 4 வரைக்கும்தான். சோதனையில சேத்துக்கிட்டவங்களும் அந்த நாலு வகைதான். இந்தியத் தோல் பெரும்பாலும் 4, 5. சித்திரை வெயில்ல சங்கரன்கோவில் கீழ ரதவீதியில நிக்கிற பத்துப் பேரை எடுத்தா எத்தனை பேரு 5ன்னு நீங்களே எண்ணிக்கோங்க. "அமெரிக்க அங்கீகாரம்"னு கொட்டை எழுத்துல போடுறவன், அந்த அங்கீகாரத்துக்குள்ள இந்தத் தலைகள் வரலைங்கிறதை எந்த எழுத்துலயும் போடுறது இல்ல.

இதை வச்சு "கறுப்புத் தோலுல லேசர் வேலை செய்யாது"ன்னு நான் சொல்லிட்டா, நானும் விளம்பரக்காரன் மாதிரிதான் பேசினேன்னு அர்த்தம். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்ல. தோலுல இருக்கிற மெலனின் வெளிச்சத்தை உறிஞ்சும். முடிக்குழிக்குப் போக வேண்டிய பங்குல கொஞ்சம் மேலயே நின்னுரலாம். எவ்வளவு நிக்கும், அதுக்கு எவ்வளவு நேரம் கூட்டி வைக்கணும், இதெல்லாம் அளந்து பாத்துச் சொல்ல வேண்டிய விஷயம். சிவப்பு வெளிச்சத்தை மெலனின் அவ்வளவா பிடிச்சு வைக்காது, அதனால நம்ம தோலுலயும் அதே பலன் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. நான் கேக்குறது ஒண்ணுதான்: வேலை செய்யும்னு காட்ட வேண்டிய பொறுப்பு விக்கிறவனுக்கா, வாங்குறவனுக்கா? விசைத்தறிக் கூலியில மாசம் ஓட்டுற குடும்பத்துப் பையன், தன் தலையவே சோதனைக்கு விட்டு அதுக்குக் காசும் தானே கட்டுறான்னா, அது எந்த ஊரு நியாயம்?

"அப்ப மினாக்ஸிடில் மட்டும் சங்கரன்கோவில்லயா சோதிச்சாங்க?"ன்னு கேப்பீங்க. கேக்கணும். அதுவும் அமெரிக்காவுலதான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. தோல் நிறம் வெளிச்சத்தை மறிக்கலாம். ஃபினாஸ்டெரைடு ரத்தத்துல போயி, ஆம்பிளை ஹார்மோனை டி.எச்.டி.யா மாத்துற நொதியைப் பிடிக்குது. மேல இருக்கிற தோல் என்ன நிறம்னு அதுக்குத் தெரியப் போறதே இல்ல. ஜப்பான்காரங்க தங்களோட ஆளுங்கள வச்சே அதைச் சோதிச்சும் பாத்துட்டாங்க. மினாக்ஸிடிலும் நிறத்தைப் பாத்து உள்ள விடுற சரக்கு இல்ல. பல வருஷமா நம்மூரு டாக்டர்கள் நம்மூரு தலைகள்ல எழுதிக் கொடுத்து, யாருக்குக் கேக்குது, யாருக்கு அரிக்குதுன்னு பாத்து வச்சிருக்காங்க. தொப்பிக்கு அந்த அனுபவமும் ஊருக்குள்ள இன்னும் சேரல.

பக்கவிளைவுதான் தொப்பிக்காரங்களோட பலமான வாதம். அதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். ஃபினாஸ்டெரைடு தின்னவங்கள்ல 3.8 சதவீதம் பேருக்குத் தாம்பத்யத்துல ஏதாவது குறை வந்துச்சு. போலி மாத்திரை தின்னவங்களுக்கும் 2.1 சதவீதம் வந்துச்சு. வித்தியாசம் சின்னதுதான், ஆனா அந்தச் சின்னதுல நாம இருந்தா நமக்கு அது நூறு சதவீதம். கர்ப்பமா இருக்கிற பொண்ணுங்க உடைஞ்ச மாத்திரையைத் தொடக்கூடக் கூடாது. மினாக்ஸிடில் சிலருக்கு அரிக்கும், செதில் விடும், பொண்ணுங்களுக்கு முகத்துல முடி வரலாம், மொதல் சில வாரம் கொட்டுறது கூடவும் செய்யும். பயந்து பாதியிலயே விடுறவங்க ரொம்பப் பேரு. இந்த ரெண்டும் ஒத்துக்காதவங்க இருக்காங்க, வேண்டாம்னு முடிவெடுத்தவங்க இருக்காங்க. அவங்களுக்கு லேசர் நியாயமான வழிதான். மருந்தோட சேத்து வைக்கிறதுக்கும் ஆதாரம் உண்டு. எகிப்துல 2017ல 45 பொண்ணுங்கள மூணா பிரிச்சுப் பாத்தாங்க: மினாக்ஸிடில் மட்டும், லேசர் மட்டும், ரெண்டும் சேத்து. ரெண்டும் சேத்துப் போட்டவங்களுக்குத்தான் நல்ல பலன். சோதனை சின்னது, ஆனா எந்தப் பக்கம் காத்தடிக்குதுன்னு காட்டுது. ஆக, தொப்பிக்கு ஒரு இடம் உண்டு. அது வரிசையில மூணாவதோ நாலாவதோ இடம். விளம்பரம் அதைத் தூக்கி மொத இடத்துல வைக்குது, எனக்கு வம்பே அங்கதான்.

மொத இடம் எதுக்குன்னா, இது என்ன முடி கொட்டல்னு பாக்குறதுக்கு. தலை சீவுறப்ப விழுற முடியை எடுத்து வெளிச்சத்துல பாருங்க. நுனியில வெள்ளையா, கோதுமை ரவை மாதிரி ஒரு குமிழ் இருக்கும். "வேரோட வந்துருச்சே"ன்னு வீட்டுல அழுகையே நடக்கும். அது வேர் இல்ல. ஓய்வுக்குப் போன முடியோட அடிப்பாகம் அது, அப்படித்தான் இருக்கும். குழி உள்ள பத்திரமா இருக்கு, அதுல இருந்து அடுத்த முடி வரும். ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 வரைக்கும் இப்படி விழுறது எல்லாருக்கும் உள்ளதுதான். டைபாய்டு, டெங்கு, பிரசவம், ஆபரேஷன் இப்படி உடம்பை உலுக்குற ஏதாவது வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்துக் கொத்தா விழும். காய்ச்சல் மறந்துபோயிருக்கும், முடி மட்டும் ஞாபகம் வச்சிருக்கும். பெரும்பாலும் இது ஆறு மாசத்துல தானா அடங்கிரும். இந்த நேரத்துல தொப்பி வாங்கினவருக்குப் பலன் கண்டிப்பாக் கிடைக்கும், வாங்காதவருக்கும் அதே பலன் கிடைச்சிருக்கும். தொப்பிக்கு வர்ற பாராட்டுல எத்தனை இந்தக் கணக்குன்னு நினைச்சுப் பாருங்க.

பொண்ணுங்க விஷயம் தனியாச் சொல்லணும். நேர்வகிடு அகலமாகுது, சடை எலிவாலா மெலியுது, பூச்சந்தைக்குப் பேர்போன ஊருல இருந்துக்கிட்டு ரெண்டு முழம் மல்லியை வைக்கச் சடையில இடமில்லைன்னு பேசிக்குவாங்க. தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்குமான பொண்ணுங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. இரும்புச்சத்து குறைஞ்சா முடி கொட்டும், தைராய்டு கோளாறுலயும் கொட்டும். ரத்தத்துல கோளாறை வச்சுக்கிட்டு மண்டையில விளக்குப் போட்டு என்ன பிரயோஜனம்? இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாமக் கிடைக்கும். புழுவெட்டு வேற சமாச்சாரம். வட்டமா, காசு வச்ச மாதிரி முடி போகும். உடம்போட எதிர்ப்பு சக்தியே முடிக்குழியைத் தாக்குறது அது, புழுவும் இல்ல வெட்டும் இல்ல. அந்த அமெரிக்க அனுமதி அதுக்கும் கிடையாது. (உப்புத்தண்ணியாலதான் வழுக்கைன்னு சொல்லாத வீடு நம்ம பக்கம் இல்ல. உப்புத்தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், அறுந்து போகும். முன்நெற்றி ஏறுறது பரம்பரையும் ஹார்மோனும் சேந்து செய்யுற வேலை. ஹெல்மெட்டுக்கும் இதே தீர்ப்புதான், அதனால தலையில மாட்டிட்டே போங்க.)

இதைப் படிச்சுட்டு, "தோல் வியாதின்னா புற்றுமண்ணை அள்ளிப் பூசுற ஊருக்கு வந்து ஆதாரம் பேசுதீரே"ன்னு ஒருத்தர் சிரிக்கலாம். சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணைத் தோல் நோய்க்குப் பூசுறதும், பாம்பு, தேள் உருவம் வாங்கி உண்டியல்ல போடுறதும் இந்த ஊரு வழக்கம். ஆடித்தபசுக்கு வர்ற கூட்டத்துல பாதிப் பேரு மடியில அந்த மண்ணு இருக்கும். அது நம்பிக்கை, நம்பிக்கைன்னு சொல்லியேதான் கொடுக்கிறாங்க. அமெரிக்க அரசாங்கம் சான்று கொடுத்துச்சுன்னு யாரும் சொல்லல, 26 வாரத்துல 20 முடின்னும் சொல்லல, தவணைக்கு வட்டியும் போடல. கோமதி அம்மனை நம்புறவங்க தலையில மினாக்ஸிடிலும் தடவலாம், ரெண்டுக்கும் சண்டை இல்ல. விஞ்ஞானம்னு பேரு போட்டு விக்கிறவன்கிட்ட விஞ்ஞானக் கேள்வியைக் கேக்கத்தான் செய்வேன்.

சட்டமும் இதைப் பத்திப் பேசாம இல்ல. 1945ஆம் வருஷத்து மருந்து விதிகள்ல ஜே அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. அதுல உள்ள நோயைத் தடுப்பேன், குணப்படுத்துவேன்னு எந்த மருந்தும் சொல்லிக்கக் கூடாது. எய்ட்ஸ், புற்றுநோய் நிக்கிற அந்த வரிசையில வழுக்கையும் நிக்குது. தொப்பி மருந்தா, கருவியாங்கிற வாதத்தை வக்கீல்மாருக்கு விட்டுருவோம். ஆனா முடிக் கவலையில மனுஷன் எதுக்கும் தலையைக் கொடுப்பான்னு விதி எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. கொடுத்தும் இருக்காங்க. 2016ல சென்னையில ஒரு மருத்துவ மாணவர் முடி நடுற சிகிச்சைக்குப் போயி உயிரையே விட்டார். டாக்டராகப் போற பையன் அவன். அதோட ஒப்பிட்டா லேசர் தொப்பி பரம சாது, உயிருக்கு ஒண்ணும் செய்யாது. அதுக்காக லட்ச ரூபாயைக் கொடுத்துரணுமா?

"காசு என்னுது, கவலை என்னுது, உமக்கென்ன வே?" கடைசியா இந்தக் கேள்வி வரும்னு தெரியும். இருபத்தஞ்சு வயசுப் பையனுக்குப் பொண்ணு பாக்கப் போற வீட்டுல மொதல்ல நெத்தியைத்தான் பாக்குறாங்க. அந்த வலியைக் கேலி பண்ண எனக்கு மனசு வராது. அதனாலதான் வரிசை முக்கியம்னு சொல்றேன். வழுக்கைக்கு நேரம் முக்கியம். குழி சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டத்துக்கு மேல போயிட்டா மருந்தும் எழுப்பாது, வெளிச்சமும் எழுப்பாது. தொப்பிக்குக் காசு சேக்குறேன்னு ஒரு வருஷம் கடத்துறவன், அந்த ஒரு வருஷத்துல மலிவா நிறுத்தியிருக்க வேண்டியதை இழக்குறான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினா தோல் நோய்ப் பிரிவுல காசில்லாமப் பாப்பாங்க. சங்கரன்கோவில் இப்ப தென்காசி மாவட்டமா இருந்தா என்ன, ஹைகிரவுண்டுக்கு எல்லை கிடையாது. கிளினிக்ல மெஷினை வாங்கி வச்சிருக்கிறவர்கிட்ட மெஷின் வேணுமான்னு கேக்குறதுக்கு முன்னாடி, மெஷின் இல்லாத ஒருத்தர்கிட்ட தலையைக் காட்டிட்டு வந்துருங்க.

அப்படிப் பாத்து, பரம்பரை வழுக்கைதான்னு உறுதியாகி, மருந்தை ஆறு மாசம், ஒரு வருஷம் ஒழுங்கா வச்சுப் பாத்து, ஒத்துக்கலைன்னாலோ இன்னும் கொஞ்சம் வேணும்னாலோ, கையில காசும் இருந்தா, தொப்பி வாங்குங்க. நான் தடுக்க மாட்டேன். வாங்குறப்ப எத்தனை நானோமீட்டர், லேசர் டயோடா வெறும் எல்.இ.டி.யா, எந்தச் சோதனையில இந்த மாடல் இருந்துச்சுன்னு கேளுங்க. 650ஐ ஒட்டின எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில சிவப்பு சீரியல் பல்பைத்தான் தொப்பிக்குள்ள தச்சு வச்சிருப்பாங்க. கண்ணைக் காப்பாத்துங்க. நிறுத்தினா வந்த முடியும் போகும், அதனால வாரத்துக்கு மூணு தடவை மாட்டுறது ஆயுசுக்கும்னு மனசுல வச்சுக்கோங்க. மொத நாளே ஒரு படம் எடுத்து வைங்க: ஒரே சுவர், ஒரே ஜன்னல் வெளிச்சம், எண்ணெய் இல்லாத காஞ்ச முடி, ஒரே வெட்டு, தலையை ஒரே சாய்வுல வச்சு. விளம்பரத்துல முன்னாடி படம் ஈரத் தலையும் மேல அடிக்கிற லைட்டுமா இருக்கும், பின்னாடி படம் சீவின தலையும் மங்கின லைட்டுமா இருக்கும், அந்த வேலையை நமக்கு நாமே பாத்துக்கக் கூடாது. அடுத்த படம் 26 வாரம் கழிச்சு. பில்லுல பொருளைத் திருப்பி எடுத்துக்கிற கெடு எத்தனை நாளுன்னு அதுக்கு முன்னாடியே ஒரு தடவை பாத்துருங்க.